குறிகைச் சொற்களும் செயல்முறைச் சோதனையும்: யூனிக்ஸ் அறிவிப்புகளைத் தமிழாக்குவதில் ஷெல் கட்டளைத்தொடரின் பயன்

1. முன்னுரை

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்கு வெளியிலிருந்து இடையீடு நேரும்போது, திரையில் ஒரு சொல் அல்லது இரு சொல் அளவில் ஓர் அறிவிப்புத் தோன்றுகிறது. டெர்மினேட்டட், கில்டு, ஸ்டாப்டு, ஹேங்கப், புரோக்கன் பைப் என்பன அவற்றுட் சில. இவற்றைத் தமிழாக்க முற்படும் மொழிபெயர்ப்பாளரிடம் தரப்படுவது ஒரு நீண்ட பட்டியல் மட்டுமே. அப்பட்டியலில் சொல் உண்டு, சூழல் இல்லை. எந்நிகழ்ச்சிக்குப் பின் அச்சொல் தோன்றும், அதனைப் படிப்பவர் அடுத்து என்ன செய்தல் வேண்டும் என்னும் வினாக்களுக்கு அங்கு விடை கிடைப்பதில்லை. அகராதியை நாடினால் ஸ்டாப், டெர்மினேட் ஆகிய இரண்டிற்கும் 'நிறுத்து' என்னும் பொருளைக் காணலாம். இரண்டையும் 'நிறுத்தப்பட்டது' என்றே எழுதிவிட்டால், தம் நிரல் இன்னும் இருக்கிறதா, அதில் செய்த வேலை அழிந்துவிட்டதா என்பதைப் பயனர் அறிய வழியில்லாமற் போகும்.

இச்சிக்கல் ஏட்டளவில் நிற்பதன்று. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பெற்றது. கேரளப் பள்ளிகளின் தகவல் தொழில்நுட்பக் கல்வி பின்னர் யூனிக்ஸ் மரபைச் சார்ந்த குனு/லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாறியது. அம்மாநிலத்தின் தமிழ்வழி மாணவர்க்குரிய பாடநூல்கள் தமிழிலும் வெளிவருகின்றன. எனவே ஆரியசாலை போலத் தமிழரும் மலையாளிகளும் கலந்து வாழும் பகுதியில் படிக்கும் ஒரு மாணவர், யூனிக்ஸ் சொற்களைத் தமிழில் எதிர்கொள்ளும் வாய்ப்பு மிகுதி. அவருக்குத் தரப்படும் சொல் நிகழ்ச்சியோடு பொருந்துதல் வேண்டும்.

குறிகைச் சொற்களுக்குத் தமிழாக்கம் தெரிவதற்கு முன், அச்சொல் குறிக்கும் நிகழ்ச்சியை மொழிபெயர்ப்பாளர் தாமே நிகழ்த்திப் பார்க்கலாம். அதற்குச் சில வரிகளாலான ஷெல் கட்டளைத்தொடரே போதும் என்பது இக்கட்டுரையின் கருத்து. மொழியியலார் நன்கறிந்த குறைவேற்றுமை இணை முறையே இச்சோதனைக்கும் அடிப்படையாகும்.

2. குறிகை என்பது

ஆங்கிலத்தில் சிக்னல் எனப்படுவதற்குத் தமிழில் சைகை, சமிக்ஞை, குறிகை ஆகிய மூன்றும் வழங்குகின்றன. சைகை என்பது உடலுறுப்பின் அசைவை நினைவூட்டுவதாலும், சமிக்ஞை என்பதிலிருந்து பெயரடையும் வினையும் எளிதில் ஆக்கவியலாமையாலும், இக்கட்டுரையில் குறிகை என்பதே ஆளப்படுகிறது.

இயங்கிக்கொண்டிருக்கும் நிரலைச் செயல்முறை என்கிறோம். ஒவ்வொரு செயல்முறைக்கும் கெர்னல் ஓர் எண் வழங்குகிறது. ஒரு செயல்முறை மற்றொன்றைத் தோற்றுவிக்குமாயின் முன்னது தாய், பின்னது சேய். குறிகை என்பது கெர்னலின் வழியாக ஒரு செயல்முறைக்குச் சேர்க்கப்படும் மிகச் சுருங்கிய செய்தி. அதில் உள்ளது ஓர் எண் மட்டுமே. அவ்வெண்ணுக்கு ஒரு பெயரும் உண்டு. ஹேங்கப் 1, இன்ட் 2, குவிட் 3, கில் 9, டெர்ம் 15 எனப் பழமையான சில குறிகைகளின் எண்கள் எங்கும் ஒன்றே. ஏனையவை அமைப்புக்கு அமைப்பு வேறுபடும். எடுத்துக்காட்டாக, ஸ்டாப் என்பதன் எண் பொதுவான லினக்ஸ் கணிப்பொறிகளில் 19; பி.எஸ்.டி. வகை அமைப்புகளில் 17. ஆதலின் கட்டளைத்தொடரில் எண்ணை எழுதாது பெயரை எழுதுதலே நன்று.

குறிகையைப் பெறும் செயல்முறை மூன்று நிலைகளுள் ஒன்றில் இருக்கும். முதலாவது, இயல்புநிலை: கெர்னல் வகுத்தது நடைபெறும். பெரும்பாலான குறிகைகளுக்கு முடிவுறுதலே இயல்பு; சிலவற்றுக்கு இடையில் நிற்றலும், ஒன்றிற்குத் தொடர்தலும், வேறு சிலவற்றுக்கு ஒன்றும் நிகழாமையும் இயல்பாகும். இரண்டாவது, புறக்கணிப்பு: குறிகை வந்தும் வராததுபோல் ஆகும். மூன்றாவது, கையாளல்: நிரலில் அதற்கென எழுதப்பட்ட பகுதி இயங்கும். கில், ஸ்டாப் ஆகிய இரண்டு குறிகைகளை மட்டும் எந்தச் செயல்முறையும் புறக்கணிக்கவோ கையாளவோ இயலாது.

3. சோதனைச் சட்டகம்

இரு ஒலிகள் தனித்தனி ஒலியன்களா என்பதை அறிய, மற்றவை யாவும் ஒத்திருக்க அவ்வொலி மட்டும் வேறுபடும் இரு சொற்களை ஒப்பிடுகிறோம். 'பல்', 'பள்' என்னும் இணையில் மெய் ஒன்றே மாறப் பொருளும் மாறுகிறது. சூழல் மாறாதிருத்தலே இம்முறையின் வலிமை. திருவனந்தபுரத்தில் 1977இல் பன்னாட்டுத் திராவிட மொழியியற் கழகத்தை உருவாக்கிய வ.அய். சுப்பிரமணியம், புறநானூற்றுக்குச் செய்த சொல்லடைவை 1962இல் வெளியிட்டார். ஒரு சொல்லின் பொருளைத் துணிவதற்கு முன் அது வரும் இடங்கள் அனைத்தையும் தொகுத்தல் வேண்டும் என்னும் நெறிக்கு அத்தகைய அடைவுகள் சான்று. யூனிக்ஸ் சொற்களுக்கு இத்தகைய அடைவு நம்மிடம் இல்லை. ஆயின் அச்சொல் வரும் இடத்தை வேண்டும்போதெல்லாம் உண்டாக்கிக்கொள்ளும் வசதி நமக்கு உண்டு.

அதற்குரிய கருவி ஷெல். பயனரின் கட்டளைகளைப் பெற்று நிறைவேற்றும் நிரல் அது. ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளிவந்தது. குனு திட்டத்திற்காக பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் 1989இல் வெளிவந்தது. இன்றும் இவ்விரண்டின் மரபே நிலவுகிறது. கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி ஷெல்லிடம் தந்தால் அதுவே கட்டளைத்தொடர்.

சோதனைக்கு இரு கட்டளைத்தொடர்கள் வேண்டும். ஒன்று பெறுநர், மற்றொன்று அனுப்புநர். பெறுநரில் மூன்றே உறுப்புகள் உள்ளன. முதல் வரியில் டிராப் என்னும் கட்டளையால், டெர்ம் குறிகை வந்தால் 'வந்தது' என அச்சிடுமாறு பணிக்கிறோம். அடுத்து முடிவில்லாச் சுழற்சி ஒன்றை அமைக்கிறோம். சுழற்சிக்குள் 1, 2, 3 என ஏறும் எண்ணை அச்சிட்டு, ஸ்லீப் கட்டளையால் ஒரு நொடி காத்திருக்கச் செய்கிறோம். அனுப்புநர், பெறுநரைப் பின்னணியில் தொடங்கி, அதன் செயல்முறை எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு நொடி காத்திருந்து, கில் கட்டளையால் குறிகையை அனுப்புகிறது. பின்னர் வெயிட் கட்டளையால் பெறுநரின் முடிவுக்குக் காத்திருந்து, அதன் முடிவெண்ணை அச்சிடுகிறது.

அந்த ஒரு நொடிக் காத்திருப்பு இன்றியமையாதது. பெறுநர் டிராப் வரியை நிறைவேற்றுமுன் குறிகை சென்றடைந்தால் இயல்புநிலையே செயற்படும். சோதனை செய்வோர் கையாளி பயனற்றது எனத் தவறாக எண்ணுவர்.

முடிவெண்ணைப் பற்றியும் ஒரு குறிப்புத் தேவை. குறிகையால் முடிவுற்ற செயல்முறைக்கு, இவ்வகை ஷெல்கள் குறிகை எண்ணுடன் 128ஐக் கூட்டித் தருகின்றன. டெர்ம் எனில் 143, கில் எனில் 137, இன்ட் எனில் 130. ஆயினும் ஒரு நிரல் தானாகவே 143 என்னும் எண்ணுடன் முடிவதற்கும் தடையில்லை. ஷெல்லில் நின்று நோக்குவோர்க்கு இரண்டும் ஒருவடிவுச் சொற்கள் போலவே தோன்றும். எனவே முடிவெண்ணை மட்டும் சான்றாகக் கொள்ளாது அச்சிட்ட வரிகளையும் உடன்வைத்து நோக்குதல் முறை.

4. முதற்சோதனை: கில் என்பது கொல்வதா?

அனுப்புநரில் குறிகையின் பெயரை மட்டும் மாற்றி நான்கு முறை இயக்கலாம்.

முதலில், டிராப் வரி இல்லாத பெறுநருக்கு டெர்ம் அனுப்பப்படுகிறது. பெறுநர் முடிவுறுகிறது; முடிவெண் 143. இரண்டாவதாக, டிராப் வரி உள்ள பெறுநருக்கு அதே குறிகை அனுப்பப்படுகிறது. 'வந்தது' என்னும் வரி அச்சாகிறது, எண்கள் தொடர்ந்து ஏறுகின்றன, பெறுநர் முடிவுறவில்லை. மூன்றாவதாக, அதே பெறுநருக்குக் கில் குறிகை அனுப்பப்படுகிறது. எவ்வரியும் அச்சாகாமலே பெறுநர் முடிவுறுகிறது, முடிவெண் 137. நான்காவதாக, கில் கட்டளைக்குக் குறிகை எண்ணாகச் சுழியம் தரப்படுகிறது. இப்போது எக்குறிகையும் செல்வதில்லை. அத்தகைய செயல்முறை ஒன்று உண்டா, அதற்குக் குறிகை அனுப்ப நமக்கு உரிமை உண்டா என்பது மட்டும் தெரியவருகிறது.

ஒரே கட்டளை நான்கு இடங்களில் நான்கு விளைவுகளைத் தந்தது. முடிவுறுத்தியது இரு முறை. செய்தி மட்டும் சொன்னது ஒரு முறை. இருப்பை வினவியது ஒரு முறை. எனவே கில் கட்டளையைக் 'கொல்' எனத் தமிழாக்குதல் பொருந்தாது. தொடக்கக் கால யூனிக்ஸில் அக்கட்டளை முடிவுறுத்த மட்டுமே பயன்பட்டது. பின்னர் எக்குறிகையையும் அனுப்பும் பொதுக்கட்டளையாக விரிந்தது. பெயர் மட்டும் பழையதாகவே நின்றது. பொருள் விரிந்தும் வடிவம் மாறாமை மொழியியலார்க்குப் புதிதன்று. எண்ணெய் என்பது எள்ளின் நெய்யைக் குறித்து, இன்று தேங்காயெண்ணெயையும் குறித்தல் போன்றது இது. ஆயின் மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டியது இன்றைய பொருளையே. 'குறிகை அனுப்பு' என்பதே கட்டளைக்கு ஏற்ற விளக்கம்.

டெர்ம், கில் ஆகிய குறிகைகளின் வேறுபாட்டை மேலும் துலக்க, பெறுநரில் ஒரு சிறு மாற்றம் செய்யலாம். தொடக்கத்தில் அது ஒரு தற்காலிகக் கோப்பை உண்டாக்கட்டும்; டெர்ம் வந்தால் அக்கோப்பை அழித்துவிட்டுச் சுழிய முடிவெண்ணுடன் வெளியேறட்டும். டெர்ம் அனுப்பினால் கோப்பு அழிந்து, முடிவெண் 0 ஆகிறது. கில் அனுப்பினால் கோப்பு அவ்வாறே கிடக்கிறது. முன்னதில் செயல்முறைக்குத் தன் பொருள்களை ஒழுங்குசெய்து விடைபெறும் வாய்ப்புக் கிடைத்தது. பின்னதில் அது கிடைக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் பதிவேட்டு நிரலை இயக்குபவர்க்கு இவ்வேறுபாடே முதன்மையானது. 'கில்டு' என்னும் அறிவிப்பைக் கண்டால் அவர் கோப்புகளைச் சரிபார்த்தல் வேண்டும்.

இங்கு மற்றொன்றும் புலனாகிறது. ஊடாடு நிலையில் உள்ள ஷெல், கையாளி இல்லாத பெறுநர் டெர்ம் குறிகையால் முடிவுற்றபோது 'டெர்மினேட்டட்' என அறிவிக்கிறது. கையாளி இயங்கிச் சுழிய முடிவெண்ணுடன் வெளியேறியபோது 'டன்' என்றே அறிவிக்கிறது. குறிகை ஒன்று, அறிவிப்பு இரண்டு. தமிழில் இவ்வேறுபாட்டை வினையமைப்பாலேயே காட்டலாம். தானே முடிந்ததற்குத் தன்வினையாகிய 'முடிந்தது'. குறிகையால் முடிந்ததற்குச் செயப்பாட்டு வடிவமாகிய 'முடிக்கப்பட்டது'. கில் குறிகைக்கு 'வலிந்து முடிக்கப்பட்டது' எனலாம். உயிர்ப்பலியை நினைவூட்டும் சொல் இங்குத் தேவையில்லை. 'வலிந்து' என்னும் அடை, விடைபெறும் வாய்ப்பு மறுக்கப்பட்டதைக் குறிப்பாகவும் உணர்த்துகிறது.

5. இரண்டாம் சோதனை: நிறுத்துதலின் இரு பொருள்

ஆரியசாலையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவில் 'வண்டியை நிறுத்தினார்' என்றால் வண்டி மீண்டும் புறப்படும் என்பது பொருள். 'வியாபாரத்தை நிறுத்தினார்' என்றால் கடை இனித் திறவாது என்பது பொருள். மலையாளத்திலும் 'வண்டி நிர்த்தி', 'கச்சவடம் நிர்த்தி' என இதே இருபொருள் நிலை உண்டு. பேச்சில் எழுவாயும் செயப்படுபொருளும் ஐயம் நீக்குகின்றன. ஒற்றைச் சொல்லாலான கணிப்பொறி அறிவிப்பில் அத்துணை கிடைப்பதில்லை.

எண்களை அச்சிடும் பெறுநரையே மீண்டும் எடுத்துக்கொள்வோம். டிராப் வரியை மட்டும் நீக்கிவிடுவோம். எண் 5 அச்சானதும் ஸ்டாப் குறிகையை அனுப்பினால் அச்சிடல் நிற்கும். அந்நிலையில் பி.எஸ். கட்டளையால் செயல்முறைப் பட்டியலைப் பார்த்தால், பெறுநர் பட்டியலில் இருக்கிறது. அதன் நிலை 'டி' என்னும் எழுத்தால் குறிக்கப்பட்டிருக்கும். கான்ட் குறிகையை அனுப்பினால் 6 எனத் தொடரும். 1 என மீண்டும் தொடங்காது. நினைவகத்தில் இருந்தவை யாவும் அவ்வாறே இருந்தன என்பதற்கு இதுவே சான்று.

இனி ஒரு குறைவேற்றுமை இணை. நின்றிருக்கும் பெறுநருக்கு டெர்ம் குறிகையை அனுப்பினால் உடனே ஒன்றும் நிகழ்வதில்லை. செயல்முறை பட்டியலிலேயே இருக்கிறது. பின்னர்க் கான்ட் அனுப்பியதும் அது முடிவுறுகிறது. அதாவது டெர்ம் தொலைந்துபோகவில்லை, நிலுவையில் இருந்தது. அதே நிலையில் டெர்ம் அனுப்பாது கில் குறிகையை அனுப்பினால், கான்ட் இன்றியே பெறுநர் அப்போதே முடிவுறுகிறது.

இச்சோதனைக்குப் பின் ஸ்டாப்டு என்பதற்கு 'நிறுத்தப்பட்டது' என எழுத மனம் வராது. 'இடைநிறுத்தப்பட்டது' என்பதே தகும். 'இடை' என்னும் முன்னொட்டு, பின்னர்த் தொடர்ச்சி உண்டு என்பதைக் காட்டுகிறது. அவ்வாறே பென்டிங் என்பதற்கு அலுவலக வழக்கில் ஏற்கெனவே உள்ள 'நிலுவை' பொருந்திவருகிறது. வந்து சேர்ந்தும் செயற்படாது காத்திருக்கும் கோப்பை நாம் நிலுவைக் கோப்பு என்கிறோம் அன்றோ? எனினும் ஒரு வேறுபாட்டைக் கருதுதல் வேண்டும். ஒரே குறிகை நிலுவையில் இருக்கையில் மீண்டும் இருமுறை வந்தாலும், பழைய வகைக் குறிகைகளைக் கெர்னல் தனித்தனியே எண்ணிவைப்பதில்லை, ஒன்றாகவே சேர்ப்பிக்கும். மும்முறை அனுப்பப்பட்டது ஒருமுறையே பெறப்படலாம். ஆதலின் 'அனுப்பப்பட்டது' என்பதையும் 'சேர்க்கப்பட்டது' என்பதையும் தமிழ் ஆவணங்களில் வேறுபடுத்தி எழுதுதல் வேண்டும்.

6. மூன்றாம் சோதனை: வெறுமையும் இன்மையும்

டிராப் கட்டளை மூன்று வகையாக எழுதப்படலாம். மேற்கோள் குறிகளுக்குள் ஏதேனும் ஒரு கட்டளையை எழுதினால் அது கையாளி. மேற்கோள் குறிகளுக்குள் ஒன்றும் எழுதாது வெறுமையாக விட்டால் அது புறக்கணிப்பு. மேற்கோளுக்குப் பதிலாகச் சிறுகோடு இட்டால் இயல்புநிலைக்கு மீட்டல்.

ஷெல்லில் முக்காற்புள்ளி ஒரு கட்டளை; எதனையும் செய்யாமையே அதன் பணி. மேற்கோளுக்குள் முக்காற்புள்ளியை மட்டும் இட்டால், குறிகை வந்தபோது 'எதுவும் செய்யாதே' என்று ஆகிறது. மேற்கோளை வெறுமையாக விட்டாலும் எதுவும் நிகழ்வதில்லை. ஆகவே இரண்டும் ஒருபொருள் வடிவங்கள் எனத் தோன்றும். பெறுநரை மட்டும் நோக்கினால் இத்தோற்றம் பெரும்பாலும் பொய்யாவதில்லை.

சூழலை மாற்றி நோக்குக. தாய்க் கட்டளைத்தொடர் ஒன்றில் டெர்ம் குறிகைக்கு வெறும் மேற்கோளை இட்டு, அடுத்த வரியில் முப்பது நொடி ஸ்லீப் கட்டளையைப் பின்னணியில் தொடங்கி, அச்சேய்க்கு டெர்ம் அனுப்புக. சேய் முடிவுறாது. மேற்கோளுக்குள் முக்காற்புள்ளியை இட்டு, மற்றவற்றை மாற்றாது மீண்டும் செய்க. சேய் முடிவுறும், முடிவெண் 143. ஒரு புள்ளிக்குறியால் விளைவு தலைகீழாகிறது.

காரணம் இது: புறக்கணிப்பு என்பது கெர்னல் அச்செயல்முறைக்கென வைத்திருக்கும் ஒரு குறிப்பு. சேய்க்கும், சேய் ஏற்கும் புதிய நிரலுக்கும் அது மரபாக இறங்கும். கையாளியோ நிரலின் உள்ளேயுள்ள ஒரு பகுதி. சேய் புதிய நிரலை ஏற்கும்போது பழைய நிரல் முழுதும் நீங்கிவிடுகிறது. அதனோடு கையாளியும் நீங்க, இயல்புநிலை மீள்கிறது. வெளியேறிய பின்னும் பயனரின் நிரல் தொடர்ந்து இயங்கப் பயன்படும் நோஹப் கட்டளை, ஹேங்கப் குறிகையை இவ்வாறு புறக்கணிக்கச் செய்துவிட்டே நிரலைத் தொடங்குகிறது.

உருபனியலில் சுழியுருபையும் உருபின்மையையும் நாம் வேறுபடுத்துகிறோம். எழுவாய் வேற்றுமையில் உருபு தோன்றாமையே ஒரு குறிப்பு. அதுபோல வெறும் மேற்கோள் இங்குச் சுழியன்று. அது ஒரு திட்டமான ஆணை. மொழிபெயர்ப்பில் இக்னோர் என்பதற்குப் 'புறக்கணி' என்பதும், கேட்ச் என்பதற்குக் 'கையாள்' என்பதும், ரீசெட் என்பதற்கு 'இயல்பாக்கு' என்பதும் எனத் தனித்தனிச் சொற்கள் வேண்டியமைக்கு இவ்விணையே போதிய சான்று. 'ஏற்காதே', 'விட்டுவிடு' போன்ற பொதுச்சொற்கள் இம்மூன்றையும் குழப்பிவிடும். டிராப் என்பதைப் 'பொறி' எனப் பெயர்த்தலும் இடர் தருவது. பொறி எனில் கண்ணியும் ஆகும், எந்திரமும் ஆகும், தீத்துளியும் ஆகும், ஐம்புலன் வாயிலும் ஆகும். கட்டளைப் பெயரை டிராப் என்றே விடுத்து, அதன் பணியைக் 'குறிகை ஏற்பாடு' என விளக்குதல் தெளிவு தரும்.

7. பொய்ம்முடிவுகள்

சோதனை முறைக்கும் எல்லை உண்டு. தகவலாளியிடம் வினவும் முறையே அவர் விடையைத் திரித்துவிடுதல் களப்பணியாளர் அறிந்ததே. இங்கும் மூன்று இடங்களில் அவ்வாறு நேர்கிறது.

முதலாவது, பின்னணிச் செயல்முறையும் இன்ட் குறிகையும். கட்டளைத்தொடருக்குள் பின்னணியில் தொடங்கப்படும் செயல்முறைக்கு ஷெல் தானாகவே இன்ட், குவிட் ஆகிய இரண்டையும் புறக்கணிப்பில் வைத்துவிடுகிறது. தொடக்கத்திலேயே புறக்கணிக்கப்பட்ட குறிகைக்குச் சேய்க் கட்டளைத்தொடர் கையாளி அமைக்கவும் இயலாது. ஆகவே முற்கூறிய சட்டகத்தில் டெர்ம் இருந்த இடத்தில் இன்ட் என எழுதினால், கையாளி இயங்காது, பெறுநரும் முடிவுறாது. இதனைக் கண்டு இன்ட் குறிகை வலுவற்றது என்று கூறுதல் பிழை. பெறுநரை ஒரு முனையத்தில் முன்னணியில் இயக்கி, மற்றொரு முனையத்திலிருந்து குறிகையை அனுப்பினால் உண்மை விளங்கும்.

இரண்டாவது, தாமதம். ஷெல் ஒரு வெளிக்கட்டளை முடிவதற்குக் காத்திருக்கும்போது குறிகை வந்தால், அக்கட்டளை முடிந்த பின்னரே கையாளி இயங்கும். பெறுநரில் ஸ்லீப் ஒரு நொடியாக இருந்தமையால் இத்தாமதம் புலப்படவில்லை. அதனை அறுபது நொடியாக்கினால் 'வந்தது' என்னும் வரி ஒரு நிமிடம் வரை தாமதிக்கலாம். அவசரப்படுவோர் குறிகை புறக்கணிக்கப்பட்டது என எழுதிவிடுவர். ஸ்லீப் கட்டளையைப் பின்னணியில் இட்டு வெயிட் கட்டளையால் காத்திருந்தால் கையாளி உடனே இயங்கும்.

மூன்றாவது, முடிந்தும் நீங்காத செயல்முறை. சேய் முடிவுற்ற செய்தியைத் தாய் பெற்றுக்கொள்ளும்வரை அதன் பெயர் பட்டியலில் இருக்கும். சுழியக் குறிகையால் வினவினால் உண்டு என்றே விடை வரும். கில் குறிகையும் அதனை நீக்காது. முடிந்ததை மீண்டும் முடித்தல் எங்ஙனம்? ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ஜோம்பி என்னும் பெயரை 'நடைப்பிணம்' எனப் பெயர்த்தல் தவறான படிமத்தைத் தருகிறது. இச்செயல்முறை நடப்பதில்லை, ஏற்பாரை நோக்கிக் காத்திருக்கிறது. முடிக்குஞ்சொல்லை நோக்கி நிற்கும் பெயரெச்ச வினையெச்சங்களை ஒப்பதால் 'எச்சச் செயல்முறை' எனலாம்.

இம்முடிவுகளைச் சரிபார்க்க லினக்ஸ் அமைப்பில் ஒரு வழி உண்டு. புரோக் கோப்பகத்தில் செயல்முறையின் எண்ணைப் பெயராகக் கொண்ட உள்கோப்பகத்தில் ஸ்டேட்டஸ் என்னும் கோப்பு இருக்கும். அதில் நிலுவை, தடுப்பு, புறக்கணிப்பு, கையாளல் ஆகிய நான்கிற்கும் தனித்தனி வரிகள் உள்ளன. நிலுவைக்கு மட்டும் இரு வரிகள். ஒவ்வொன்றும் பதினாறடிமான எண்ணால் குறிக்கப்படும். அம்முறையில் இன்ட் குறிகையின் மதிப்பு 2, குவிட் 4, டெர்ம் 4000. பிற குறிகைகள் முன்பே புறக்கணிக்கப்பட்டிராத சூழலில், மூன்றாம் சோதனையின் வெறும் மேற்கோள் வகையில் சேயின் புறக்கணிப்பு வரி 4006 என முடியும்; முக்காற்புள்ளி வகையில் 6 என முடியும். வேறுபாடு சரியாக 4000. எஞ்சிய 6, பின்னணியில் இட்டதால் ஷெல் சேர்த்த இன்ட், குவிட் ஆகியவற்றின் கூட்டுத்தொகை. நடத்தையைக் கொண்டு ஊகித்தது ஆவணத்தாலும் உறுதிப்படுகிறது. மேலும், கெர்னலே நான்காகப் பிரித்துவைத்திருப்பதை நாம் மூன்று சொற்களில் அடக்குதல் தகாது என்பதும் தெளிவாகிறது.

8. சொற்பரிந்துரை

மேற்கண்ட சோதனைகளின் வழிக் கிடைப்பன:

டன்: முடிந்தது.
டெர்மினேட்டட்: முடிக்கப்பட்டது.
கில்டு: வலிந்து முடிக்கப்பட்டது.
ஸ்டாப்டு: இடைநிறுத்தப்பட்டது.
கன்டின்யூடு: தொடரப்பட்டது.
இக்னோர்: புறக்கணி.
பிளாக்: தடுத்துவை.
பென்டிங்: நிலுவை.
ஜோம்பி: எச்சச் செயல்முறை.

பிளாக் என்பதற்கு வெறுமனே 'தடு' என்றால் குறிகை அழிந்தது எனப் பொருள்படும். அது அழிவதில்லை, தடை நீங்கியதும் சேரும். அதனாலேயே 'வை' என்னும் துணைவினை வேண்டப்படுகிறது.

சோதனை செய்யாது சொல்லை மட்டும் நோக்கினால் வழுவ நேரும் பிற இடங்களும் உள. ஹேங்கப் என்பதில் தொங்குதல் இல்லை. தொலைபேசிவழி இணைந்த முனையத்தின் தொடர்பு அற்றுப்போவதைக் குறித்தது அது. 'தொடர்பு அறுந்தது' என்பதே பொருந்தும். நிரல் அசைவற்று உறைந்துபோவதைக் குறிக்கும் ஹேங் என்பது வேறு. இரண்டிற்கும் 'தொங்கு' என எழுதுதல் ஆகாது. புரோக்கன் பைப் என்பதில் எக்குழாயும் உடைவதில்லை. எழுதுபவர் இருக்க, மறுமுனையில் படிப்பவர் நீங்கிவிட்டார். 'பெறுமுனை இல்லாக் குழாய்' எனலாம். பஸ் எரர் என்பது நினைவகத்திற்குச் செல்லும் தடத்தைப் பற்றியது. ஊர்தியைப் பற்றியது அன்று. ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்ஸெப்ஷன் என்னும் அறிவிப்பு, பொதுவான கணிப்பொறிகளில் முழுவெண்ணைச் சுழியத்தால் வகுக்கும்போதும் தோன்றும். அதனைப் 'பதின்மப் பிழை' எனப் பெயர்த்தால் பயனர் இல்லாத புள்ளியைத் தேடுவார். 'கணக்கீட்டுப் பிழை' என்னும் பொதுப்பெயரே உதவும்.

9. முடிவுரை

ஒரு சொல் நிகழ்ச்சிக்கு முந்தியதன்று. நிகழ்ச்சியைக் காட்டுவதற்கே சொல். குறிகைச் சொற்களைப் பொறுத்தவரை அந்நிகழ்ச்சியை மொழிபெயர்ப்பாளர் தம் மேசையிலேயே சில நொடிகளில் நிகழ்த்திப் பார்க்க இயலும். அவ்வாறு நிகழ்த்தும்போது ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாது வைத்தலும், சூழல் மாறியபோது விளைவு மாறுகிறதா என நோக்குதலும், பெற்ற முடிவை வேறொரு சான்றால் சரிபார்த்தலும் இன்றியமையாதன. இம்மூன்றும் மொழியியலார் நெடுங்காலமாகப் பின்பற்றிவருபவையே.

மொழிபெயர்ப்புப் பட்டியல்களைத் தொகுப்போர், ஒவ்வோர் அறிவிப்புக்கும் எதிரே அதனை வருவிக்கும் கட்டளைத்தொடரை ஒரு குறிப்பாகச் சேர்த்துத் தருதல் நலம். அப்போது தமிழுக்கும் மலையாளத்திற்கும் மொழிபெயர்ப்போர் ஆங்கிலச் சொல்லிலிருந்தன்றிப் பொதுவான நிகழ்ச்சியிலிருந்தே தத்தம் சொல்லைத் தெரிந்துகொள்ளலாம். இரு மொழிகளிலும் 'நிறுத்து' என்பதற்கு ஒரே இருபொருள் நிலை இருத்தலின், தீர்வையும் இருவரும் கலந்து காணுதல் எளிதாகும்.